இறக்கத்தில் ஒரு கபடி

தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எனக்குச் சிகிச்சை தரும் சைக்காலஜிஸ்ட்.

முன்னால் போன லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் தடுப்பில் மோதியதைப் பார்த்த நாளிலிருந்து, இந்த இடம் வந்தாலே எனக்கு மூச்சு அடைக்கும். பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றுகிறவனுக்கு வேறு வழி ஏது? அன்றும் இறங்க முடியாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விற்றுவிட்டு என்ன செய்வேன்?

பல வாரம் அறைக்குள் பேசிய பிறகு, லோடு இல்லாமல் வரச் சொல்லி அவரே கூட ஏறிவிட்டார்.

"மேடம், என்னை நம்பி ஏறியிருக்கீங்களே, பயமா இல்லீங்களா?"

"வண்டி நல்லாருக்கு, மெதுவா போறோம். எறங்குங்கண்ணா."

வண்டியை இறக்கத்தில் விட்டேன். முதல் வளைவிலேயே நெஞ்சு இறுகியது. பின்னாலிருந்து ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது.

"ஏதாச்சும் பேசுங்க மேடம். இந்தப் படிப்புக்கு எப்படி வந்தீங்க?"

"கபடியாலதான். காலேஜ்ல எனக்கு சீட்டு குடுத்ததே அதுக்குத்தான். ஊர்ல நான் கபடி பாடிப் போனா எதிர்ல ஒருத்தி நிக்க மாட்டா. பெரிய மேட்ச்சுன்னா மட்டும் நடுக்கோட்டைத் தாண்டுனதும் மூச்சு அறுந்து அவுட்டாயிடுவேன். ஒடம்புல ஒரு கோளாறும் இல்லன்னுட்டாங்க. அப்ப வேற என்னதான்னு பாக்கத்தான் சைக்காலஜி எடுத்தேன்."

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"பாதி. இப்பவும் ஞாயித்துக்கெழம ஆடறேன். இப்பவும் அவுட்டாவறேன்."

போச்சு, நல்ல ஆளிடம்தான் மாட்டியிருக்கிறேன் என்று நினைத்தேன். அதற்குள் மூச்சு தொண்டையில் ஏறி நின்றுவிட்டது. கால் பிரேக்கோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணா, பாடுங்க."

"என்னாது?"

"கபடி. ஒரே மூச்சுல, நிறுத்தாம. சின்ன வயசுல ஆடுனதில்ல?"

கூச்சமாக இருந்தது. பின்னால் ஹாரன் விடவில்லை. கபடி, கபடி, கபடி என்று முனகினேன்.

"சத்தமா! எதிர் டீமுக்குக் கேக்கல."

கத்தினேன். காற்று முழுதும் தீர்ந்ததும் மூச்சு தானாக உள்ளே வந்தது. காலும் கொஞ்சம் தளர்ந்தது. மறுபடி பாடினேன். கடைசி வளைவு வரை கத்திக்கொண்டேதான் வந்தேன். சாலை சமமானதும் நிறுத்தினேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அடுத்த தடவ லோடோட, நீங்க மட்டும் எறங்குங்க" என்றார்.

"நடுவுல பாட்டு அறுந்துட்டா மேடம்?"

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது. மூச்சை இழுத்துட்டு மறுபடி பாடுங்க. இங்க அவுட்டு குடுக்க யாரு இருக்கா?"

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டேன். வண்டியை விலைக்குப் பார்க்க வரவிருந்த ஆளிடம் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.