ஒலிபெருக்கியில் என் பெயர்

ஜெபிக்கும்போது பாஸ்டரம்மா என் தலையில் வைக்கும் கை வெதுவெதுப்பாக இருக்கும். எனக்கு அம்மா இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து, தகரக் கூரை போட்டு அவர் நடத்தும் சின்னக் கிறிஸ்தவச் சபைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, அந்தக் கை இருக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தேன்.

எனக்கு வலிப்பு உண்டு. பள்ளிக்கூட நாட்களில் தொடங்கியது. மாத்திரை சாப்பிட்டால் வராது. கடைசியாக வந்தும் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் பக்கமே போக வேண்டாமென்று, கார் உதிரிபாகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் பேக்கிங் வேலையைக் கேட்டு வாங்கியிருந்தேன். மாத்திரையைக் கழிவறைக்குள் போய் விழுங்குவேன். தலை லேசாகச் சுற்றினாலும் நெஞ்சு பதறும். ஊரில் அப்பாவும் தங்கையும் என்னைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின், பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த பாஸ்டரம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாயைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். “இத்தினி நாளா நீயே சுமந்துகினு இருந்தியாம்மா? கர்த்தர் மேல வச்சுடு. இனிமே அது உன் பாரம் இல்ல. நான் ஒருத்தர் கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.” அன்று அறைக்கு நடந்து போகையில் உடம்பே லேசாகிவிட்டதுபோல் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கண்ணை மூடி முழங்காலில் இருந்தேன். மைக்கைப் பிடித்திருந்த பாஸ்டரம்மா ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்துக்கொண்டே வந்தார். திடீரென்று என் பெயர். அடுத்து என் கம்பெனியின் பெயர். “ஃபிட்ஸ் வந்து கஷ்டப்படற இந்த மகளைத் தொடுங்கப்பா. யாருக்கும் தெரியாம மறைச்சுகினு வேலை செய்யுதுப்பா...” அவர் குரல் அழுகையில் கம்மியது. அது நடிப்பில்லை, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. சுற்றிலும் “ஆமென், ஆமென்” என்றார்கள். கடவுளிடம் பேசிக்கொண்டிருப்பவரை எப்படித் தடுப்பது? வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கி தெருவுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் எங்கள் சூப்பர்வைசரின் மனைவி இருந்தார்.

திங்கட்கிழமை கம்பெனி கேட்டிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். டாக்டரிடம் எழுதி வாங்கி வருகிறேன் என்று கெஞ்சினேன். “நாளைக்கு உள்ள வுழுந்து இன்னானா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் உள்ளே போய்விட்டார்.

நேராகப் பாஸ்டரம்மா வீட்டுக்குப் போனேன். “உனக்கோசரம்தானேம்மா ஜெபிச்சேன்? மனுசங்க கிட்டயா சொன்னேன்? கர்த்தர் கிட்டதானே சொன்னேன்!” என்றார். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “அவரு வேற கதவு தொறப்பாரு. நாஷ்டா துன்னியா?” என்று தட்டில் இட்லி எடுத்து வைத்தார். தொடாமல் எழுந்து வந்தேன். அந்தச் சபைக்கு அதன்பிறகு போகவில்லை.

இப்போது அத்திப்பட்டில் ஒரு கேன்டீனில் பில் போடுகிறேன். முதல் நாளே முதலாளியிடம் நானாகவே சொல்லிவிட்டேன். “அடுப்பாண்ட மட்டும் போவாத” என்றார், அவ்வளவுதான். வேறொரு சபையில் கடைசி வரிசையில் உட்காருகிறேன். யாராவது தலையில் கை வைக்க வந்தால் விலகிக்கொள்கிறேன்.

ஜெபிப்பதை நிறுத்தவில்லை. காலை ரயிலில், உதடு அசையாமல், அப்பாவின் மூட்டுவலியையும் தங்கையின் படிப்பையும் கர்த்தர்மேல் வைக்கிறேன். வலிப்பைப் பற்றி மட்டும் அவரிடம் நான் இன்னும் பேசவில்லை.