காது கேளாதோர் பள்ளிக்கு வந்த ஸ்பீக்கர்

மைசூரில், காது கேளாத குழந்தைகளுக்கான ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. வீட்டில் எங்கள் எல்லையோர ஊரான ஹனூரின் தமிழ், பஸ்ஸில் கன்னடம், வகுப்பில் சைகை. சைகையில் மட்டும்தான் என் தப்பு நீடிப்பதில்லை. தவறாகக் காட்டினால் பிள்ளைகள் கையைப் பிடித்துத் திருத்திவிடுவார்கள்.

போன ஆண்டு விழாவுக்கு ஒரு மேலதிகாரி சிறப்பு விருந்தினராக வந்தார். தொடங்கும் நேரத்தில் வாடகை மைக் வேலை செய்யவில்லை. தலைமையாசிரியைக்கு வியர்த்து ஊற்றியது. மைக்காரர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். அதிகாரி கன்னடத்தில் கவலைப்பட்டார்: "மைக் இல்லாம எப்படிம்மா பேசறது? பின்னால உக்காந்திருக்கற குழந்தைங்களுக்குக் கேக்காதே!"

முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்காது என்று அவரிடம் யார் சொல்வது? தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே கைகளாலேயே அரட்டை நடந்துகொண்டிருந்தது. ஒருவழியாக மைக் உயிர்பெற்றுக் கீச்சிட்டது. பெரியவர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். அதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைய நிகழ்ச்சிகளில் அவர்கள் மிகவும் ரசித்தது அதுதான்.

அதிகாரி பேசப் பேச, நான் பக்கத்தில் நின்று சைகையில் சொன்னேன். முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா, போகச் சொல்றாங்களா?"

"இல்ல சார், இதுதான் இவங்க கைதட்டறது."

அவர் நெகிழ்ந்துபோனார். "உங்களுக்கு என்ன வேணுமோ கேளுங்க" என்றார். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, காதைத் தொட்டு, விரல் நுனியால் ஒரு சின்ன வட்டம் காட்டினாள்.

"காது மெஷினுக்கு செல் கேக்கறா சார். மெஷின் இருக்கு, செல்தான் தீந்துபோச்சு" என்றேன். அவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தலையாட்டினார்.

சில வாரங்களில் ஒரு டெம்போ வந்தது. ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, கம்பியில்லா மைக் ஒன்று. தலைமையாசிரியை அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துக்கூடத் தேடினார். செல்லும் இருந்தது, மைக்குக்குள். அது காது மெஷினில் பொருந்தாது. நன்றிக் கடிதம் எழுதினோம். அதிலேயே கடைசி வரியாக செல்லையும் மறுபடி கேட்டோம். இன்னும் வரவில்லை.

சோதித்துப் பார்க்கப் பாட்டுப் போட்டபோது, செல் கேட்ட சிறுமிதான் ஸ்பீக்கரில் முதலில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணை அகல விரித்து மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாழ்வாரத்தில் ஆட்டம்தான். சிலர் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஆடுவார்கள்.

ஒரு நாள் அடுத்த தெருவிலிருந்து, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார்.

"மேடம், நானும் தமிழ்தான், அதனால உரிமையோட கேக்கறேன். மத்தியானம் ஸ்வல்ப நேரம் கண்ணை மூட முடியல. இது காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூல்னு நம்பித்தானே பக்கத்துல வீடு வாங்கினேன்!"

தலைமையாசிரியை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். எங்கள் பக்கம் திரும்பி, சரியாகக் கேட்கவில்லை என்று சைகை காட்டினார்கள்.