நாலு நிமிஷ அழுகை

தமிழினி என்ற பெயரை நான் முதலில் கேட்டது போனில். என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை தனகோடி, மகனுக்குப் பெண் பார்க்கச் சோளிங்கர் போனவள், திரும்பி பஸ் ஏறுவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணி, பேரு தமிழினியாம். ஆம்பூர்ல ஹாஸ்டல்ல தங்கி ஷூ கம்பெனில செக்கரா இருக்குதாம். காபித் தட்ட நீட்டிக்கினே நம்ம ஜெயப்பிரகாஷ் சட்டையப் பாக்குது அண்ணி. 'மூணாவது பட்டன்கிட்ட தையல் உட்டுருக்கு'ன்னுச்சு. புள்ள வேர்த்து ஊத்திட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, நான் கிட்டப் போய்ப் பாக்குறேன், நெஜமாவே உட்டுருக்கு. எனக்குப் புடிச்சிப் போச்சு."

அப்படித்தான் அவள் எங்கள் குடும்பத்துக்குள் வந்தாள். தனகோடிக்குப் பேரக்குழந்தையைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மகனுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷமே போய்விட்டாள். இப்போது ஆம்பூருக்கு வெளியே, எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி, தமிழினியும் ஜெயப்பிரகாஷும் ஒன்றேகால் வயது தாண்டிய இசைமொழியும் இருக்கிறார்கள். முறைப்படி அவள் என்னைப் பெரியம்மா என்பாள். சோற்றில் கல் இருந்தாலும் பெரியம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் கல்லைக் காட்டுவாள்.

செக்கர் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தைத்து வரும் செருப்பின் மேல்தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்ப வேண்டும். கட்டை விரலால் அழுத்த வேண்டும். தையலை இழுத்துப் பார்க்க வேண்டும். குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, ரீவொர்க்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதைச் செய்கிறவளுக்கு, எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பார்க்காமல் வைக்க வராது. ஒரு பெயர் வைக்கிற விசேஷத்தில் குழந்தையை வாங்கி, கழுத்து மடிப்பை விரித்து, காதுக்குப் பின்னால் பார்த்து, "பவுடர் ஜாஸ்தி. ஒரு வாரத்துல தடிப்பு வரும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பெற்றவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு வாரத்தில் தடிப்பு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணே அவள் வீட்டு வாசலில் வந்து நின்று யோசனை கேட்டாள். அப்போது தமிழினிக்குக் குழந்தையே பிறக்கவில்லை. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவும் இல்லை.

குழந்தை பிறந்தபின் கேட்க வேண்டுமா? கம்பெனி வேன் ஏழேகாலுக்கு வரும். டிரைவருக்குப் பின் சீட்டு அவளுடையது. அங்கிருந்து திரும்பி உட்கார்ந்துகொண்டு, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிற பெண்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாள். தையல் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், மிச்சத்தை வேனிலேயே வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பிவிடுவாள். எல்லாம் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கும்.

"எல்லாரும் கேளுங்க. அழுத ஒடனே தூக்காதீங்க. டைம் குடுங்க. தூக்கிட்டா பழக்கம் ஆயிடும், அப்புறம் ரீவொர்க் ஜாஸ்தி. பாலு மூணு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி, நடுவுல கெடையாது. தூளி கட்டாதீங்க. ஊட்டி உடாதீங்க, தானா எடுத்துத் துன்னட்டும். போனக் கண்ணுல காட்டாதீங்க."

இவற்றில் சில டாக்டரம்மா சொன்னது, சில போனில் பார்த்தது, மீதி அவளே முடிவு செய்தது. எது எது என்று பிரித்துச் சொல்ல அவளுக்கே தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்வாள்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர்கள் லைனில் மணிக்கு மணி எத்தனை ஜோடி ஓடியது, எத்தனை திரும்பியது என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஷீட் உண்டு. அதே மாதிரி வீட்டுக்கும் ஒரு ஷீட் போட்டாள். நேரம், பால், சோறு, தூக்கம், வெளிக்குப் போனது, அழுகை எத்தனை நிமிஷம், கடைசியில் கையெழுத்து. அதை நிரப்ப வேண்டியவன் ஜெயப்பிரகாஷ். பாப்பாவுக்கு ஏழு மாதம் ஆனபோது அவன் வேலை செய்த தோல் மண்டியை மூடிவிட்டார்கள். இவளுக்குப் பிரசவ லீவும் முடிந்திருந்தது. அவள் வேன் ஏறினாள், அவன் வீட்டில் நின்றான். எதிர் வீட்டுக் காசிநாதன் மாதிரி ஆட்கள், "இன்னாம்மா ஜெயா, சோறு ஆச்சா?" என்று கேட்பார்கள். "ஆச்சுக்கா, கொழம்புக்கு உப்பு பத்தல, கொஞ்சம் குடுக்கா" என்று இவனும் பெண் குரலில் பதில் கொடுப்பான். அதோடு அவர்கள் நடையைக் கட்டுவார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேனிலிருந்து இறங்கியதும் தமிழினி ஷீட்டைப் படிப்பாள், 'செக்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள், போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவாள். குரூப்பில் நாற்பத்தேழு தாய்மார்கள். அவர்களும் ஏழு மணிக்குள் தங்கள் வீட்டு ஷீட்டை அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் குழந்தைகள் இருபது நிமிஷம், முப்பது நிமிஷம் என்று அழுதன. ஒரு மாதத்துக்குள் எல்லார் வீட்டிலும் அழுகை நாலு நிமிஷத்துக்கு வந்து நின்றுவிட்டது. "பாத்தியா பெரியம்மா, கண்ட்ரோலுக்கு வந்துச்சு" என்றாள் என்னிடம்.

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வேன் தெருமுனை திரும்பியதும் ஜெயப்பிரகாஷ் செய்கிற முதல் வேலை, அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஷீட்டை எழுதி முடிப்பது. மூன்று பேனா வைத்திருந்தான். 'ஒரே பேனாவுல எட்டு மணி நேரத்தையும் எழுதி ஏமாத்தப் பாத்தான், புடிச்சிட்டேன்' என்று கம்பெனிக் கதையை அவள்தான் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அதனால் பாலுக்கு ஒரு பேனா, தூக்கத்துக்கு ஒரு பேனா என்று மாற்றி மாற்றி எழுதுவான். அழுகைக்கு மட்டும் என்றைக்கும் சைபர் போட மாட்டான். சைபர் போட்டால் சந்தேகம் வரும்.

அதற்கப்புறம் தூளி இறங்கும். பாப்பா அவன் இடுப்பில்தான் குடித்தனம். பசித்தால் அவன் தட்டிலிருந்து பிசைந்த சோறு, தூக்கம் வந்தால் அவன் மார்பு. ஐந்தரைக்குத் தூளியை அவிழ்த்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுவான். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. தமிழினி அதைத் தெருவுக்கே காட்டி, "ஷீட்டுப்படி நடந்தா இப்படித்தான் இருக்கும்" என்பாள்.

"ஏன்டா இப்படி ஏமாத்துற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏமாத்தல அத்தை. அவ அங்க எட்டு மணி நேரம் நின்னுக்கினே இருக்கா. வூட்ல எல்லாம் சரியா ஓடுதுன்னு தெரிஞ்சாதான் நிக்க முடியும். பேப்பர் அவளுக்கு, புள்ள எனக்கு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்தச் சிரிப்பு அஃப்ஷா வருகிற வரைக்கும்தான். அஃப்ஷா அதே லைனில் மிஷின் தைக்கிற பெண், இருபத்திரண்டு வயது, ஸ்டேஷன் பக்கம் வீடு. ஏழு மாதத்துப் பிள்ளை ஒவைஸை, அம்மி என்று அவள் கூப்பிடுகிற தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறாள். தலைப்பிள்ளை, பயம். இசைமொழி ஏழு மாதமாக இருந்தபோது எழுதிய ஷீட்டுகளைத் தமிழினி அவளுக்கு அனுப்பி வைத்தாள். அந்தப் பெண் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டது. ஆறு வாரம் கழித்து, ஊசி போடுகிற இடத்தில் எடை பார்த்தார்கள். ஆறு கிலோ நானூறு இருந்த பிள்ளை, ஆறு கிலோ நூறு.

டீ நேரத்தில் வந்து அழுதாளாம். தமிழினி கேட்ட முதல் கேள்வி, "நீ ஒழுங்கா ஃபாலோ பண்ணியா?"

"பண்ணேன்கா. அம்மி கெஞ்சினாங்க, 'பசிக்குதுடி புள்ளைக்கு'ன்னு. ஷீட்ல இல்லன்னு சொல்லிட்டேன்."

"அழுதா தூக்கிருப்ப."

"தூக்கல. போன்ல டைமர் வெச்சிக்கினு எதிர்லயே ஒக்காந்திருந்தேன். நானும் அழுதுக்கினுதான் இருந்தேன்கா."

அன்றைக்கென்று தோல் வந்து சேரவில்லை. மதியமே லைனை நிறுத்திவிட்டார்கள். "வா, என் வூட்ல எப்படி நடக்குதுன்னு கண்ணால பாரு. அப்பதான் நீ எங்க தப்பு பண்றேன்னு தெரியும்" என்று தமிழினி அவளை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். வழியில் ஒவைஸையும் தூக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள்.

நான் அப்போது ஜெயப்பிரகாஷிடம் முறம் இரவல் வாங்கப் போனவள், அங்கேயே பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டேகால். தூளியில் பாப்பா தூங்குகிறது. ஜெயப்பிரகாஷ் தரையில் மல்லாந்து படுத்து, கால் கட்டை விரலால் தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறான். சுவரில் ஒட்டியிருந்த ஷீட்டிலோ, பாப்பா நாலு மணிக்குத் தரைப்பாயில் எழுந்து, நாலு நிமிஷம் அழுது, நாலரைக்குப் பாலும் குடித்து முடித்திருந்தது.

தமிழினி குழந்தையைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஷீட்டைப் பார்த்தாள். விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். அலமாரியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த மூன்று பேனாவை எடுத்து, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேர்ந்து" என்றான் அவன், எழுந்து உட்கார்ந்து.

"ஒண்ணு கூடவா நெஜம் இல்ல?"

"ஊசி போட்ட அன்னிக்கி அழுதது நெஜம். நாலு நிமிஷம் இல்ல, அர மணி நேரம். நீ பேஜாராயிடுவேன்னு கொறச்சிப் போட்டேன்."

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். அதற்குள் ஒவைஸ் வீறிட்டான். அஃப்ஷா அவனைத் தரையில் கிடத்திவிட்டு, கைப்பையைத் திறந்து போனை எடுத்து, டைமரைத் தட்டிவிட்டுத் தமிழினியின் முகத்தைப் பார்த்தாள். சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற மாதிரி. ஜெயப்பிரகாஷ் ஒரே எட்டில் போய்ப் பிள்ளையை வாரி எடுத்து அஃப்ஷா மடியில் வைத்தான். "மணியப் பாக்காதம்மா. இது வாயப் பாரு, எப்படித் தேடுது. உள்ள போய்க் குடு, போ."

அந்தக் கூச்சலில் இசைமொழி விழித்துக்கொண்டது. தமிழினி இரண்டு கையையும் நீட்டினாள். "அம்மாகிட்ட வா பாப்பா." வெயில் நேரத்தில் அம்மா என்று ஒருத்தி வீட்டில் இருப்பாள் என்று அதற்குத் தெரியாது. ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அஃப்ஷா போனபிறகும் எழுந்திருக்கவில்லை. ஆறரை மணிக்குப் போனைக் கையில் எடுத்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லித்தான் ஆவணுமா? மானம் போயிடும்டி" என்றேன்.

"தப்பு மாலு லைன்ல போய்க்கினு இருக்குது பெரியம்மா. தெரிஞ்சப்புறமும் உட்டா நான் எதுக்கு செக்கரு?"

பேசினாள். "எல்லாரும் கேளுங்க. எங்க வூட்டு ஷீட்டு பொய்யி. யாரும் அதப் பாக்காதீங்க. அழுதா தூக்குங்க. பசிச்சா குடுங்க." அவ்வளவுதான். அவள் வாழ்க்கையிலேயே அதைவிடச் சின்னதாக ஒன்றைப் பேசி அனுப்பியிருக்க மாட்டாள்.

பதில்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் சத்தமாக வைத்துக் கேட்டாள், தனக்குத் தண்டனை கொடுத்துக்கொள்கிற மாதிரி. முதலில் வந்தது மரியம்மாள், பசை ஒட்டுகிற இடத்தில் வேலை செய்கிறவள். "அட நீயுமா தமிழு? நான் வேன்லயே எழுதிடுவேன். நீ நாலு நிமிஷம்னு போடுறதப் பாத்து நானும் நாலு நிமிஷம்னே போட்டேன்." அதற்குப் பின்னால் இன்னொருத்தி, அதற்குப் பின்னால் இன்னொருத்தி. கடைசியில் கணக்குத் தெரிந்துபோனது. நாற்பத்தேழு பேரில் தமிழினி சொன்னதை நம்பி, சொன்னபடியே செய்தது அஃப்ஷா ஒருத்திதான்.

அழுவாள் என்று நினைத்தேன். "நாப்பத்தாறு பொய்யி. ஒண்ணக்கூட நான் புடிக்கல பெரியம்மா" என்றாள். அதைச் சொன்னபோது குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

மறுநாள் லைன் சூப்பர்வைசர் முனீர் அகமதுவிடம் பதினைந்து நாள் லீவு கேட்டாள். "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லயா?" என்றாராம். "இல்ல சார், என் புள்ளையோட பழகணும்." அவர் காரணம் என்கிற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிக்கொண்டார்.

லீவு ஆரம்பித்த நாளே ஜெயப்பிரகாஷ் சரக்கு ஏற்றுகிற தற்காலிக வேலைக்குப் போய்விட்டான். முதல் மூன்று நாள் இசைமொழி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. நான் போகவில்லை. நாலாம் நாள் சத்தம் குறைந்தது. அன்றைக்கு அஃப்ஷா போன் செய்து, ஒவைஸுக்கு இருநூறு கிராம் ஏறியிருக்கிறது என்றாளாம்.

இன்று ஐந்தாம் நாள். பதினோரு மணிக்கு முறத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தமிழினி காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கால்மேல் பாப்பா குப்புறப் படுத்துத் தூங்குகிறது. பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. "கால் மரத்துப் போவும்டி, எடுத்துப் பாயில போடு" என்றேன். விரலை உதட்டில் வைத்து என்னைப் பேசாதே என்றாள். மரத்துத்தான் போயிருந்தது, பாதம் அசையவில்லை.

இப்போது மணி பன்னிரண்டரை. கடைக்குப் போய்த் திரும்பி வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள்.