வேறு பள்ளி கேட்டேன், ஷபானாவைத் தந்தார்

அந்தப் பள்ளியில் கால் வைத்த முதல் வாரமே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்பான செபக்குழுவினரே, நான் கருவேப்பிலங்குறிச்சி ஸ்டெல்லா. சென்ற அக்டோபர் செபமாலை மாதத்தில் என் பெயரைச் சொல்லி எனக்காக மன்றாடினீர்கள். அந்தச் செபம் என்ன ஆனது என்று உங்களிடம் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. நாம் கேட்டது நடக்கவில்லை. அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

பி.எட். பயிற்சிக்காக விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளை ஒட்டிய ஒரு பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு, அறிவியல். பாதிப் பேர் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் முஸ்லிம் பிள்ளைகள் சிலர். கம்பெனி வேலைக்கு வந்த பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஜன்னலோரமாக ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதி, படம் வரைந்து எடுத்துப் போவேன். வகுப்பில் ஐந்து நிமிடம் தாங்காது. "வடக்கு, தள்ளி உக்காருடா" என்று ஒருவன் ஆரம்பிப்பான். அவன் சட்டையை இன்னொருவன் பிடிப்பான். நான் கத்துவேன். பீகார்ப் பிள்ளைகள் நான் யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாமல் மிரண்டுபோய்ப் பார்ப்பார்கள்.

கடைசி பெஞ்சில் ஷபானா. துபாயில் வளர்ந்து, அந்த வருடம்தான் அம்மாவோடு மங்கலம்பேட்டைக்குத் திரும்பியவள். என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டாள். திமிர் என்றே நினைத்தேன்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த வசந்தா டீச்சரிடம் போய் நின்றேன்.

"அந்த பீகார்ப் பிள்ளைங்கள வுட்டுடும்மா. பண்டிகைக்கு ஊருக்குப் போனா பாதிப் பேரு திரும்பி வராதுங்க. நீ சிலபஸ்ஸ முடிக்கிற வழியப் பாரு" என்றார்கள். பிறகு, "வகுப்ப அடக்கத் தெரியலன்னு உங்க காலேஜுக்கு எழுத வேண்டியிருக்கும்" என்றும் சொன்னார்கள்.

தினமும் சாயங்காலம் கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் அழுதேன். ஒரே வேண்டுதல்தான். வேறு பள்ளி கொடுங்கள். உங்களையும் அதைத்தான் கேட்கச் சொன்னேன். நாளாக ஆக அது செபமாக இல்லை, சண்டையாக ஆகிவிட்டது. "நான் சொல்றது உங்களுக்குக் கேக்குதா இல்லையா?" என்று மாதாவிடமே கேட்டிருக்கிறேன்.

மழை ஆரம்பித்திருந்தது. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பாடவேளை எனக்கு. சுனிதா என்கிற பீகார்ப் பெண் தாமதமாக ஓடி வந்தாள். பாதத்தில் ரத்தம். கழிப்பறைக்குப் பின்னால் கம்பெனிக்காரர்கள் கொட்டிய உடைந்த பீங்கான் குவியல் ஒன்று உண்டு. அதில் காலைக் கிழித்துக்கொள்ளாத பிள்ளையே அந்தப் பள்ளியில் இல்லை. இதுவும் அப்படித்தான் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு பிளாஸ்திரி எடுத்தேன். அவள் என் கையைத் தள்ளினாள்.

"சாம்ப்! சாம்ப்!"

"மிஸ், சாம்பார் கேக்குறா! மத்தியானம் பத்தலயாம்!" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. கூட இருந்த பீகார்ப் பிள்ளைகளும் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரே நேரத்தில் கத்தினார்கள். சிரிப்புச் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். கண் இமைகள் தானாக மூடிக்கொண்டு வந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது.

ஆண்டவரே, வேறு பள்ளி வேண்டாம். எனக்கு எதுவும் வேண்டாம். இந்தப் பிள்ளை சொல்றத எனக்குப் புரிய வையும். அவ்வளவுதான் கேட்டேன். உதடு அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

கடைசி பெஞ்சில் ஷபானா எழுந்து நின்றாள்.

"மிஸ், பாம்பு கடிச்சிருச்சின்னு சொல்றா."

நான் சுனிதாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஷபானா என் பின்னாலேயே ஓடி வந்து, நான் கூப்பிடாமலே ஆட்டோவில் ஏறினாள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் சுனிதாவின் கன்னத்தைத் தட்டி இந்தியில் பேசிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் கேட்கக் கேட்க அவள்தான் பதில் வாங்கிச் சொன்னாள்.

"எப்பக் கடிச்சிச்சின்னு கேளும்மா. பாம்பு படம் எடுத்துச்சா?"

"சாப்பிட்ட உடனே பாத்ரூம் பக்கம் போனாளாம் சார், அப்பதான். படம் எடுத்துச்சாம்."

"இப்ப நான் ஒண்ணாத் தெரியுறனா, ரெண்டாவா?"

ஷபானா குனிந்து கேட்டாள். "ரெண்டு ரெண்டாத் தெரியுதாம் சார்."

உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். சுனிதாவின் அம்மா கை நிறையக் களிமண்ணோடு கம்பெனியிலிருந்து ஓடி வந்தார்கள். நான் தமிழில் தேற்ற, ஷபானா அதை அவர்களுக்குச் சொல்ல, அந்த அம்மா எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். இருட்டும் நேரத்தில் டாக்டர் வந்து, "கண்ணத் தொறந்துட்டா. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தீங்கன்னா மூச்சு நின்னிருக்கும்" என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்காலிட்டேன்.

பிறகு ஷபானாவிடம் கேட்டேன். "இந்தி எப்படிம்மா தெரியும்?"

"துபாய்ல பக்கத்து வூட்டுக்காரங்க எல்லாரும் இந்தி பேசுவாங்க மிஸ்."

"இத்தன நாளா ஏன் ஒரு வார்த்த பேசல?"

"வந்த புதுசுல என் தமிழக் கேட்டுச் சிரிச்சாங்க. இந்தியும் தெரியும்னா என்னையும் வடக்குன்னுவாங்க."

சுனிதா பிழைத்து வந்தாள். அந்த வகுப்பு ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அடிதடி இன்னும் இருக்கிறது. வசந்தா டீச்சர் "வகுப்பு அடக்கம் போதாது" என்றுதான் எழுதினார்கள். சில சாயங்காலங்களில் பஸ்ஸில் இன்னும் அழுகிறேன். ஆனால் பாடம் தொடங்கும் முன் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். புரியாத முகம் இருந்தால் அடுத்த வரிக்குப் போவதில்லை. ஷபானா முன் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். நான் சொல்வதை அவள் இந்தியில் சொல்கிறாள், சில நேரம் என்னைவிடச் சத்தமாக.

இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு பள்ளி தருவதாகக் கல்லூரியில் சொன்னார்கள். நான் வேண்டாம், இதே பள்ளி போதும் என்றேன்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது கேட்டுக் கேட்டுக் கிடைக்காத கோபத்தில் இருக்கலாம். மனசு சமாதானமாகட்டும், பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள். நான் அப்படித்தான் போனேன். ஆண்டவர் என்னைத் துரத்தவில்லை.