வலப்பக்கத்துப் படம்

அலுவலகத்தில் அவளுக்கு 'எடுத்துடு அக்கா' என்று பெயர். கைப்பேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது அவள் வேலை. யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அரை நிமிடம் பார்ப்பாள். "இந்தப் பட்டன் எதுக்கு? எடுத்துடு. இந்த வரி? எடுத்துடு." கடைசியில் மிஞ்சுகிற நாலு பட்டனை எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தட்டுத்தடுமாறாமல் அழுத்துவார்.

பதினெட்டு வருட அனுபவம். மின்கட்டணம் கட்டுகிறவரையோ பஸ் டிக்கெட் எடுக்கிறவரையோ எதிரே உட்காரவைத்து, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். புதிதாகச் சேர்ந்த யாராவது, "இந்த ஆளுக்கு ஒண்ணுமே புரியல" என்று சிரித்துவிட்டால் போதும், முகம் கடுத்துவிடும். "அவர் தப்பு பண்ணல. நம்ம திரைதான் தப்பு பண்ணுது."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால், ஒருபக்கம் கை வேலை பார்க்க, மறுபக்கம் மூடிய கதவுக்கு வெளியே நின்று விடாமல் பேசுவார். உள்ளே இருப்பவர் அழுகையை மறந்து சிரித்த பிறகுதான் கதவு திறக்கும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். வீட்டிலும் வாய் ஓயாது. "உன் பொழப்பும் பட்டன், என் பொழப்பும் பட்டன். என் பட்டன்ல ஆளு மேல போவான், உன் பட்டன்ல ஆளுக்கு டென்ஷன் மேல போகும்" என்று அவளைச் சீண்டுவார்.

அந்த மனிதர் ஒரே ஒரு ஆளிடம்தான் பேச்சை நிறுத்தினார். மகளிடம். வங்கி வேலையை விட்டுவிட்டுச் சரக்குக் கப்பலில் சமையல்காரியாகச் சேரப்போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது, "அப்படிப் போறதா இருந்தா இனிமே என் முகத்துல முழிக்காதே" என்றார். வளர்ந்த பெண், அதே ரோஷம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் இடப்பக்கம் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். வலது கையும் காலும் போயின. கூடவே பேச்சும் போயிற்று. எழுத்தைக் காட்டினால் வெறித்துப் பார்த்தார்.

மகள் அடித்துப்பிடித்து வந்தாள். மருத்துவமனையிலும் பிறகு வீட்டிலும் கட்டிலின் வலப்பக்கம் நாற்காலியைப் போட்டு, அசையாத அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மனைவி இடப்பக்கம் உட்கார்ந்து சோறு ஊட்டுவாள். அவர் முகம் எப்போதும் மனைவி பக்கமே இருந்தது. மகள் கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு அவருக்காக ஒரு செயலி செய்தாள். டேப்லெட் திரையில் எட்டே எட்டுப் படம், இரண்டு வரிசையாக. இடது வரிசையில் தண்ணீர், கழிப்பறை, வலி, மனைவி. வலது வரிசையில் சாப்பாடு, டிவி, மின்விசிறி, மகள். மகள் படத்தைத் தொட்டால் அவள் குரலே "அப்பா" என்று கூப்பிடும். மகளே பதிவு செய்து கொடுத்தது.

தண்ணீரை அழுத்தினார், மனைவியை அழுத்தினார். மகளை அழுத்தவே இல்லை. பத்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த மகள், பதினோராம் நாள் பெட்டியைக் கட்டினாள்.

"அப்பா சொன்ன சொல்லுல நிக்கறார்மா."

"அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? விடு, போகப் போக சரியாயிடும்" என்றாள் அம்மா.

மகள் போய் மூன்று வாரம் இருக்கும். அன்று அவரே இடது கையால் சாப்பிட்டார். பாதியில் நிறுத்திவிட்டார். தட்டின் வலது பாதி தொடாமல் கிடந்தது. "இப்படிப் பாதியை ஒதுக்கினா உடம்பு எப்படித் தேறும்?" என்று அலுத்துக்கொண்டே தட்டை நகர்த்தினாள். கைபட்டுத் தட்டு சுழன்றது. மீதிச் சோறு இடப்பக்கம் வந்தது. அவர் மறுபடி கை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

அவள் தட்டையும் அவர் விரலையும் மாறிமாறிப் பார்த்தாள். எழுந்து போய் டேப்பை எடுத்தாள். மகள் படத்தை இடது வரிசைக்கு மாற்றினாள்.

அவர் பார்த்தார். விரல் நேராகப் படத்துக்குப் போயிற்று. "அப்பா" என்றது டேப். அவர் தோள் குலுங்கியது. மறுபடி அழுத்தினார். மறுபடியும். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் வந்து, "பொண்ணு வந்திருக்காளா?" என்று கேட்டாள்.

அவருக்குப் பேச்சுப் பயிற்சி தர வருகிற பெண் மறுநாள் சோதித்துப் பார்த்துச் சொன்னாள். "வலப்பக்கம் இவருக்குத் தெரியல மேடம். அப்படி ஒரு பக்கம் இருக்குங்கற நினைப்பே இருக்காது. குரல் வந்தாலும் திரும்பத் தோணாது."

ஊரார் விரலையெல்லாம் கவனித்த தன் கண்ணுக்கு, சொந்த வீட்டில் இருந்த விரல் படவில்லையே என்று அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கப்பலுக்குத் தொடர்பு கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அம்மா நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"என்னை ஏமாத்தாதேம்மா. படத்தை அவர் விரலுக்கு அடியில கொண்டு வெச்சிருப்பே" என்றாள் மகள்.

எந்தப் படத்தை எத்தனை மணிக்குத் தொட்டார் என்று செயலி குறித்து வைத்திருந்தது. அம்மா அதை அப்படியே அனுப்பினாள். மகள் படத்தை, இடம் மாற்றிய முதல் நாள் மட்டும் முப்பத்தேழு தடவை. மறுநாள் பதில் வந்தது. 'அடுத்த துறைமுகத்தில் இறங்குகிறேன். ஒன்பது நாள்.'

மகள் வரப்போகிறாள் என்று மனைவி சைகை காட்டிச் சொன்னது அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. முகம் சவரம் செய்துகொள்ள மட்டும் அடம்பிடிக்காமல் தாடையை நீட்டினார். ஆறாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

எல்லாம் முடிந்து வந்து சேர்ந்த மகள், காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் எந்தப் பக்கம்மா உக்காந்திருந்தேன்?"

அம்மாவால் பொய் சொல்ல முடியவில்லை. "வலப்பக்கம்."

"அப்ப நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

அம்மா அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அடுத்த சில மாதங்களில் பயிற்சி தரும் பெண் கேட்டுக்கொண்டதால், அம்மா அந்தச் செயலியை மருத்துவமனைக்காகத் திருத்திக் கொடுத்தாள். திறந்ததும் ஒரு சிவப்புப் பந்து திரை முழுக்க நகரும். எந்தப் பக்கம் கண் அதைத் தொடர்கிறதோ, படங்கள் அந்தப் பக்கமே வந்து நிற்கும்.

மகள் கப்பலுக்குத் திரும்பும்போது அப்பாவின் டேப்பைக் கேட்டாள்.

"அதை வெச்சு என்னடி பண்ணப் போறே?"

"நேரம் போட்டிருக்குல்ல. அவர் என்னை அழுத்தினப்பல்லாம் நான் அடுப்படியில என்ன பண்ணிட்டிருந்தேன்னு பார்க்கணும்."

அம்மா சார்ஜரைத் தேடி எடுத்து, ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.