முழுச் சுற்று மிதிக்காமல் ஒரு கரடு

ஞாயிறு காலை 5.40-க்குக் கோவை கணபதியில் எங்கள் வீட்டு முன் குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்றது. உடுமலைப்பேட்டைக்குச் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். வாடகை 2,400 ரூபாய். என் மின்சார மலைச் சைக்கிளைக் கயிறு போட்டு இறுக்கிய ஓட்டுநர், கடைசி முடிச்சும் போட்ட பிறகு கேட்டார்: "ஏனுங்க, மோட்டார் வெச்ச சைக்கிள ஏத்திட்டுப் போறதுக்கு இன்னொரு மோட்டாருங்களா?"

நியாயமான கேள்விதான். பேட்டரி அவ்வளவு தூரம் தாங்காது என்றேன். என் முழங்காலும் தாங்காது என்பதைச் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதில் மூட்டு தேய்ந்து, மலைப்பக்கம் போவதையே விட்டுவிட்டவன் நான். இந்தச் சைக்கிள்தான் என்னை மறுபடி மேடு ஏற்றியது.

ஏற்றியதோடு கவிழ்க்கவும் செய்தது. தடாகம் பக்கம் ஒரு கல்தடத்தில் ஏறும்போது, சுற்றிக் கீழே வந்த பெடல் கல்லில் இடித்தது. சாதாரணச் சைக்கிள் அங்கேயே நின்றிருக்கும். இதிலோ கால் நின்ற பிறகும் மோட்டார் ஒரு நொடி தள்ளும். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காறை எலும்பில் விரிசல், ஆறு வாரம் கைக்குக் கட்டு. "இன்னொருக்கா உழுந்தீங்கன்னா வண்டிய வித்துப்போடணுமுங்க" என்றாள் என் மனைவி. நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு இதுதான் முதல் பயணம். கண்காணிக்க ஆளும் போட்டிருந்தாள்: உடுமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அவள் தங்கை சாந்தாமணி.

8.10-க்குப் போய்ச் சேர்ந்தேன். "வாங்க மாமா. கையி, காலு எல்லாம் இப்பவே எண்ணி வெச்சுக்கச் சொல்லி அக்கா போன் பண்ணுச்சுங்க" என்று வரவேற்றாள் என் கொழுந்தியாள். வயது நாற்பத்துநான்கு. பனியன் தைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக ஓவர்லாக் மிசினில் உட்காருகிறவள். நான்கு இட்லியும் கடலைக்காய்ச் சட்னியும் உள்ளே போன பிறகுதான் சைக்கிளைத் தொட விட்டாள்.

9.00 மணி. இரு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் ஒன்றரைக் கிலோமீட்டர், தென்னந்தோப்புகளைத் தாண்டினால் கரடு. மலை என்று சொல்லிக்கொள்ள முடியாத கல் மேடுதான். ஆனால் ஆடுகள் போகும் தடம் முழுக்கக் கல் துருத்திக்கொண்டிருக்கிறது. ரப்பர் செருப்போடு பின்னாலேயே நடந்து வந்தாள் சாந்தாமணி. நான் மோட்டாரை முழு வேகத்தில் வைத்து ஏறினேன். இருபதடி போனதும் இடது பெடல் டக்கென்று இடித்தது. வண்டி துள்ளியது. எப்படியோ காலை ஊன்றிவிட்டேன். இந்த வண்டியும் போனால் எனக்கு அப்புறம் மேடே இல்லை என்று நினைத்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது.

அவள் அதைக் கவனிக்காத மாதிரி பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கல்லுக்கிட்டயும் ஏனுங்க முழுச் சுத்து மெதிக்கறீங்க?"

"மெதிக்காட்டி நின்னுபோகுமே சாந்தா."

"எங்க மிசினும் மோட்டாருதானுங்க. பனியனுக்குக் கை தெக்கற எடத்துல வளைவு வரும். அங்க மிசின் பெடல முழுசா அமுக்குனா துணி ஓடிப்போகும், ஊசி ஒடிஞ்சுபோகும். தட்டித் தட்டித்தானுங்க உடோணும்."

அவள் சொன்னதைச் சைக்கிளுக்கு மாற்றினால் இதுதான்: பெடல் இரண்டையும் ஒரே உயரத்தில், தரைக்கு இணையாக வை, முன்னால் இருக்கும் காலால் அரைச் சுற்றுக்கும் குறைவாக அழுத்து, பின்னுக்கு இழு, மறுபடி அழுத்து. பெடல் கீழேயே போகாது என்பதால் கல்லும் இடிக்காது. இதை நான் படித்திருக்கிறேன். அறிவுரையாக இருந்ததால் காலுக்கு இறங்கவில்லை போலும்.

மோட்டார் வேகத்தைக் குறைத்தேன். இருக்கையைக் கொஞ்சம் இறக்கினேன். முன் சக்கரத்தைப் பார்க்காமல் பத்தடி தள்ளி இருந்த கற்களைப் பார்த்தேன். தட்டு, இழு, தட்டு. மோட்டார் தள்ளும் அந்த ஒரு நொடி, என்னைக் கவிழ்த்த அதே நொடி, இப்போது கல்லைத் தாண்டிவிட்டது. மூன்று தடவை நின்றேன், ஒரு தடவையும் விழவில்லை. 10.20-க்கு உச்சியில் இருந்தோம். தெற்கே அமராவதி அணைப் பக்கத்து மலைகள் நீலமாகத் தெரிந்தன. கூச்சலே போட்டுவிட்டேன்.

சாந்தாமணி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஒரு சுத்துங்க மாமா" என்றாள். தினமும் கம்பெனிக்குச் சைக்கிளில் போகிறவள். உச்சியின் கல்தரையில் இரண்டு வட்டம் போட்டாள். ஒரு பெடலும் எங்கும் இடிக்கவில்லை. இறங்க மனமில்லாமல் இறங்கி, கைப்பிடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க உழுந்திருந்தா இது எனக்குங்க மாமா. யாருக்கோ விக்கறதுக்குப் பதிலா உனக்கே குடுத்தர்றேன்னு அக்கா சொல்லியிருந்துச்சு."

"அப்புறம் ஏன் சாந்தா சொல்லிக் குடுத்தே?"

"அதுக்குன்னு ஆள உழுக உட்டுப் பாப்பாங்களா? போங்க மாமா."

மாலை 5.15-க்கு உடுமலையில் பஸ் ஏறினேன், வெறுங்கையோடு. அடுத்த ஞாயிறுவரை சைக்கிள் அவளிடம் இருக்கட்டும் என்று சாவியைக் கொடுத்தபோது அவள் வாங்கவே இல்லை. சார்ஜரையும் சேர்த்துத் திணித்துவிட்டு நடந்தேன். உக்கடத்தில் இறங்கி, நெரிசலில் இன்னொரு பஸ் பிடித்துக் கணபதி வந்தேன். கதவைத் திறந்த மனைவி வாசலை எட்டிப் பார்த்தாள். சைக்கிள் இல்லை. உடனே என் சட்டைக் கையை மடித்து முழங்கையில் காயத்தைத் தேட ஆரம்பித்தாள்.

ஒரு சிராய்ப்பும் இல்லை என்று நம்பவே அவளுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. நானே கொடுத்துவிட்டு வந்தேன் என்பதை நம்ப, தங்கைக்கே போன் போட வேண்டியிருந்தது.