சனி திரும்பி வந்த மாதங்கள்

என் மேசை லாச்சிக்குள் கறுப்புத் துணியில் கட்டிய எள்ளுப் பொட்டலம் ஒன்று கிடக்கிறது. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருத்திக்குச் சனீஸ்வரனுக்கு எரிக்கிற பொட்டலம் எதற்கு என்று எவராவது கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அது அண்ணைக்காக அண்ணி கட்டியது.

அண்ணை சுன்னாகத்துப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்தவர். நெஞ்சு வலியென்று போனபோது, இதயக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன, சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று டொக்டர் சொன்னார். அண்ணைக்கோ தனுசு ராசி, ஏழரைச் சனியின் கடைசிக் காலம். "சனி விலகட்டும் தங்கச்சி. விலகினவுடனை போய்ப் படுக்கிறன்" என்றார். கிணறு வெட்டக்கூட ஏழரை முடியட்டும் என்று பொறுத்திருந்த குடும்பம் எங்களுடையது. சத்திரசிகிச்சையையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"உந்தச் சனி ஏன் இவ்வளவு ஆறுதலாப் போகுது?" என்று அலுத்துப்போய் ஒருநாள் கேட்டார். விடுவேனா? சூரியனுக்குக் கிட்ட இருக்கிற கோளைச் சூரியன் பலமாக இழுக்கிறது. உள்ளே விழாமல் சுற்ற வேண்டுமென்றால் அது விழுந்தடித்து ஓடத்தான் வேண்டும். தூரம் கூடக் கூட இழுவை குறைகிறது, மெதுவாகப் போனாலே போதும். சனியின் வேகம் பூமியின் வேகத்தில் மூன்றிலொரு பங்குதான். சுற்ற வேண்டிய பாதையோ மிக நீளம். ஒரு சுற்றுக்கு முப்பது வருடமளவில் ஆகும். "அவருக்கு உங்களிலை ஒரு கோபமும் இல்லை அண்ணை. தூரம், அவ்வளவுதான்." அண்ணை ரசித்துக் கேட்டார். "பாவம், அவரும் என்ன செய்யிறது?" என்று சனிக்கு இரங்கினார். ஆசுப்பத்திரிக்கு மட்டும் வரவில்லை.

ஒருவழியாகச் சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனது, ஏழரையும் விலகியது. அண்ணை சொல் தவறவில்லை. போய்த் திகதி எடுத்தோம். முறை வரக் கொஞ்சக் காலம் பொறுக்க வேண்டியிருந்தது. அதற்குள் சனி வக்கிரமாகி மகரத்துக்கே திரும்பிவிட்டதென்று பஞ்சாங்கம் சொன்னது. அண்ணை திகதியை விட்டுவிட்டார். எனக்குத் தலையை எங்காவது கொண்டுபோய் முட்ட வேண்டும் போலிருந்தது.

அந்த நாட்களில் சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். முன்னால் போன உழவு மெசினை எங்கள் பஸ் முந்தியது. அண்ணையின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அங்கை பாருங்கோ! தூரத்துப் பனையளையும் மெசினையும் பாருங்கோ. மெசின் பின்னாலை போற மாதிரித் தெரியுது, என்ன? அது முன்னுக்குத்தான் போகுது. நாங்கள்தான் வேகமா முந்துறம். பூமி உள்வட்டத்திலை ஓடுது, சனி வெளிவட்டத்திலை ஆறுதலாப் போகுது. நாங்கள் முந்தேக்கை அது திரும்பி வாற மாதிரித் தெரியும். சனி திரும்பேல்லை அண்ணை!"

பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். அண்ணை யன்னலால் வடிவாகப் பார்த்தார்.

"ஓம், நீ சொல்லுறது சரிதான்" என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஆனா எங்களுக்கு அவர் மகரத்திலைதானே நிக்கிறார்?"

பூமியிலிருந்து பார்த்தால் சனி மகரத்தில்தான் நின்றது. எனக்கு அழுகை வந்தது. கலியாண வீட்டில் அண்ணை எல்லோரிடமும் உழவு மெசின் கதையைச் சொல்லி, "என்ரை தங்கச்சிக்குத் தெரியாததில்லை" என்று பெருமைப்பட்டார்.

பிறகொரு விடியற்காலை வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிடப் போனவர் வரம்பிலேயே விழுந்தார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே உயிர் போய்விட்டது.

மாதங்கள் போய், சனி மகரத்தை முற்றாக விட்ட அன்று அண்ணியிடம் போனேன். சனிக்கிழமைகளில் கோயிலில் எரிக்கவென்று அவர் கட்டிவைத்த பொட்டலங்களில் ஒன்று சாமியறையில் மிச்சம் இருந்தது.

"மச்சாள், இண்டையோடை அவருக்கு ஏழரை முடியுது, என்ன?"

"ஓம் அண்ணி."

"அப்ப இனி இது தேவையில்லை" என்று பொட்டலத்தை என் கையில் வைத்தார். எரிக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. லாச்சிக்குள் கிடக்கிறது.